உன்னச் சொல்லல

மூன்றாவது தடவையும் சிரிப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள் தைஸ். வாலே ஃப்ரியோ கால்பந்து கிளப்பின் வீடியோக்களை எடுத்து இணையத்தில் போடுகிற பெண் அவள். எழவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேமராவைத் துடைத்தாள்.

அந்தக் கிளப்பின் தடுப்பாட்டக்காரன் ஒசியேல் சொல்ல வேண்டியது நாலே வரி. கேமராவுக்குப் பின்னால் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 'நான் கர்வாவ். அஞ்சு வருஷமா இந்த மைதானத்தில் அன்பைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. நம்ம ரசிகர்களிடம் இனவெறி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதுவும் கேட்கவில்லை.' முதல் மூன்று வரியையும் எப்படியோ முழுங்கிவிடுவான். நாலாவது வரியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கர்வாவ் என்றால் அடுப்புக்கரி. அவன் நிறத்தைப் பார்த்து, வந்த முதல் வாரமே ஊர் வைத்த பெயர். சட்டையின் முதுகிலும் அதுதான், ஒலிபெருக்கியிலும் அதுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நன்றாக ஆடியவனுக்கு இறைச்சிக்கடை ஆர்லிந்தோ ஒரு முழு மாட்டு விலாவும் ஒரு மூட்டைக் கரியும் பரிசு கொடுப்பார். அது ஒசியேலுக்கு விழுந்தால் அரங்கமே உருண்டு புரண்டு சிரிக்கும், கரிக்கே கரியா என்று. அவனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். பிரேசிலின் தெற்கு மலையில், குளிரில், வடக்கே வெயில் காயும் பாயியாவிலிருந்து பிழைக்க வந்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரிப்பு வரவில்லை. எதிரணியில் ரய்லான் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, அவனும் கறுப்பன்தான், பாயியாக்காரன்தான். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிய வந்து நின்றான். ஒசியேல் அவனைக் காவல் காத்து மூன்றடி தள்ளி நின்றான். வேலிக்குப் பின்னாலிருந்து "குரங்கே" என்று வந்தது. ஒரு தடவை இல்லை. பிறகு அந்தச் சத்தத்தையும் வாயால் செய்து காட்டினார்கள். பையன் ஆத்திரத்தில் பந்தைக் கூட்டத்துக்குள் எட்டி உதைத்தான். உடனே சிவப்பு அட்டை. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னபோது, வேறு யாருக்காவது கேட்டதா என்றார் நடுவர். ஒசியேல் அணியின் கோல்கீப்பர் குனிந்து ஷூ கயிறு கட்டினான். கேப்டனுக்குத் திடீரென்று வானத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. "எனக்குக் கேட்டுச்சு," என்றான் ஒசியேல்.

இந்த இரண்டு சொல்தான் இப்போது ஊரையே பிடித்து உலுக்குகிறது. வியாழக்கிழமை விசாரணை. ஒசியேல் சொன்னதில் நின்றால் கிளப்புக்குப் புள்ளிகள் போகும், கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். மாற்றிச் சொன்னால் ரய்லான் பார்வையாளர்களைத் தாக்கிவிட்டுப் பொய்யும் சொன்னவன் ஆகிவிடுவான், நீண்ட தடை. பையன் காலையில் போன் பண்ணியிருந்தான். "அண்ணே, மாத்திச் சொல்லிர மாட்டீங்கள்ல?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் பேசுகிறேன் என்று ஒசியேல் போனை வைத்துவிட்டான். அவனுடைய அடுத்த வருஷ ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. முப்பத்து நாலு வயதுத் தடுப்பாட்டக்காரனை வேறு எந்தக் கிளப் சீண்டும்?

கத்தியது யார் என்று ஊருக்கே தெரியும். அடையாளம் தெரியவில்லை என்று கிளப் எழுதிக் கொடுத்துவிட்டது.

கிளப் தலைவர் வல்மோர் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை அவர், அதுதான் கூடுதல் எரிச்சல். உப்பிட்ட ஊர் தம்பி, சலவைக்கார அம்மாவிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். கடைசியில், வெட்டி ஒட்டின வீடியோவை எவனும் நம்ப மாட்டான், நேரலையாகவே விட்டுவிடு என்று தைஸிடம் சொன்னார். அதற்குள் வக்கீல் போனில் வரவே, குடுவையோடு வெளியே போனார்.

அவர் போன வாசலில் ஆர்லிந்தோ வந்தார். சமாதானம் பேச வல்மோர்தான் வரச்சொல்லியிருந்தார். தோளில் கரி மூட்டை. உடம்பில், முதுகில் கர்வாவ் என்று போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே சட்டை. மூட்டையை இறக்கிவிட்டு ஒசியேலைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதுதான் ஒசியேலுக்குத் தாங்கவில்லை. நடிப்பாக இருந்தால் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பான்.

"உன்னச் சொல்லலடா," என்றார் ஆர்லிந்தோ. "சத்தியமா உன்னச் சொல்லல. அவனத்தான் சொன்னேன்."

"அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்ணே?"

"என்னடா இப்பிடிக் கேக்குற. நீ நம்ம ஆளு."

இந்த ஆளிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? செவிடன் காதில் சங்கு ஊதுவதுபோல்தான். சட்டென்று ஒசியேலுக்கு ஒன்று தோன்றியது.

"இதையே கேமராவுல சொல்வீங்களாண்ணே?"

"ஏன் சொல்ல மாட்டேன்? எனக்கென்ன பயம்?"

ஒசியேல் தைஸைப் பார்த்தான். அவள் வாசலைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிறகு நேரலைப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆர்லிந்தோ ஒசியேலின் தோளில் கைபோட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். ஊர் மக்களே, நான் இறைச்சிக்கடை ஆர்லிந்தோ, உங்களுக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். கர்வாவை நான் குரங்கு என்று சொன்னதாக எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான், சுத்தப் பொய் என்றார். இவன் எங்க வீட்டுப் பிள்ளை. நான் சொன்னது அந்த இன்னொருத்தனை, பந்து எறிய வந்தானே அந்தப் பொடியனை. இவனைப் போய் நான் சொல்வேனா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு, தான் கெட்டதுகூடத் தெரியவில்லை. கேமராவைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தது.

வல்மோர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் ஊர் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. வக்கீல் இன்னும் போனில் கத்திக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று ஆர்லிந்தோவுக்கு வல்மோர்தான் விளக்கினார். உன் பெயரை நீயே சொல்லிவிட்டாய், செய்ததையும் சொல்லிவிட்டாய், இனி விசாரணைக்குச் சாட்சியே வேண்டாம் என்றார். ஆர்லிந்தோ கேட்டுக்கொண்டே இருந்தார். தோளில் கிடந்த கை மெல்ல இறங்கியது. எத்தனை மூட்டை கொடுத்திருப்பேன் உனக்கு என்று கேட்கிற முகம். பிறகு அந்த முகமும் மாறியது.

"நீயும் அந்தக் குரங்குதானாடா," என்றார். கத்தவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

அறையில் நாலே பேர். கேமரா அணைந்திருந்தது. வல்மோர் பிடுங்கிப் போட்ட ஒயரைத் தைஸ் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். ஒசியேல் தலைவர் பக்கம் திரும்பினான்.

"தலைவரே, இப்ப கேட்டுச்சா?"

வல்மோர் காலி மாத்தே குடுவையை உறிஞ்சினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா," என்றார்.