தண்ணீர் கலக்காத மருந்து

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள் என்பதில் அசன் முகம்மதுவுக்குச் சந்தேகமே இல்லை. இல்லையென்றால், மூன்று தடவை ஊசி போட்டும் மருமகள் இஷ்ரத்துக்கு ஏன் ஒற்றைக் கருமுட்டைக்கு மேல் வளரவில்லை? காலிக் குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், மேலப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நாசரிடம் நீட்டினார்.

"அசல் மருந்துதான் மாமா."

"நீயும் அவனுவ கூட்டாளிதானலே."

மகன் அஃப்சல் துபாயில். மனைவி ஜுபைதா பீவிக்கு மூட்டுவலி. அதனால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இஷ்ரத்தைக் கூட்டிப்போவது அவர் பாடு.

டாக்டர் சுகன்யா சுற்றி வளைக்கவில்லை. "இந்தத் தடவையும் ஒண்ணுதான்யா, அதுவும் சரியா வளரல. முன்னால ஆபரேசன்ல கட்டிய எடுக்கும்போதே பாத்தோம், சினைப்பையில மெத்துன்னு இருக்க வேண்டிய சதை இறுகி நார் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. முட்டையும் கொஞ்சந்தான் மிச்சம். மருந்த ஏத்திப் பிரயோசனம் இல்ல. இத்தோட நிறுத்திக்கிடுறது நல்லது."

"சதை எதனால இறுகுச்சு? உங்க ஊசியாலயா?"

"ஊசியால இல்ல. அந்தக் கட்டியால இருக்கலாம், வேற எதுனாலயும் இருக்கலாம். உறுதியா எனக்குத் தெரியாது."

அசன் முகம்மது ஆட்டுச் சந்தையில் காலமெல்லாம் தரகு பார்த்தவர். தெரியாது என்று சொல்லி ஆடு விற்றவன் ஒருத்தனையும் அவர் கண்டதில்லை. அதிலும் இந்த அம்மா விற்கவே இல்லை; கடையைச் சாத்துகிறார்.

வெளியே வந்ததும் இஷ்ரத் நின்றாள். "எனக்குப் போதும் மாமா. வயிறெல்லாம் ஊசிக் குத்து. மாமி மதுரையில அடுத்த ஆஸ்பத்திரிக்கு நாள் குறிச்சிட்டாவ."

"வேண்டாம்னு சொல்லேன்."

"நான் சொன்னா, இவ பிள்ளையே வேண்டாங்கான்னு சொல்லுவாவ. இங்க ஏமாத்துதானுவன்னு தினமும் சொல்லுதது யாரு? நீங்கதான? அத நம்பித்தான் அவிய அடுத்த எடம் தேடுதாவ."

அவள் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அதட்டலாம் என்று பார்த்தார். சொன்னதில் பொய் இல்லையே, எதை வைத்து அதட்ட? போனை எடுத்தார்.

"மதுரைக்கு வண்டி பேசிரவா?" என்றாள் ஜுபைதா பீவி.

"வேண்டாம்."

"ஏன், அங்கனயும் கள்ளனுவளா?"

"இங்கனயே கள்ளம் இல்ல ஜுபைதா. மருந்து நல்ல மருந்து. டாக்டரும் நேராத்தான் பேசுதாவ. புள்ளைக்கு உள்ள சதை இறுகிப் போச்சாம். அவ மேல குத்தம் இல்ல. இனிமே ஊசி கெடையாது."

"உங்களுக்கு என்ன மருந்து குடுத்தாவ அங்கன?" என்றாள்.

"வெளயாடாத. அஃப்சல்கிட்ட நானே பேசுதேன். வேற பொண்ணு, வேற நிக்காஹ்னு எவளாவது நம்ம வீட்டுல வாயத் தொறந்தா அப்ப பாரு."

போனை வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பழி போடக் கள்ளன் ஒருத்தன் இருந்தவரை, பேரப்பிள்ளை வரும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு இடம் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

பஸ் வந்தது. இஷ்ரத் சன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. அழட்டும் என்று முன்னால் போய், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டார்.