மூன்று மீட்டர் டியூப்

"ஊரு குடிச்சு, பீப்பாய் காலியா வீட்டுக்கு வரணும். மிச்சம் மீதி வந்துச்சு, உன் சிலிண்டரு, அண்டா எல்லாம் என் சரக்கறைய விட்டு வெளிய போயிரும். ஆமா, சொல்லிட்டேன்."

மனைவி பிளாஷெனா சொன்னால் சொன்னதுதான். நான்கு வருடமாக அவளுடைய வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. சரக்கறையில் வெந்தெலின் வீட்டிலேயே காய்ச்சும் பீர் கிடக்கிறது. நாளெல்லாம் குவாரியில் கல் உடைத்துவிட்டு வருகிறவனுக்கு உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்த ஆறடிக் குளிர்ந்த இடம் ஒன்றுதான்.

தீயணைப்புத் தொண்டர் படையின் ஆண்டு விழாவுக்கு முப்பது லிட்டர் பீப்பாயைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் மேசைக்கடியில் வைத்தான். வாயு உருளையை மாட்டினான். பீப்பாய்க்கும் ஊற்றும் குழாய்க்கும் நடுவே மெல்லிய டியூப், மூன்று மீட்டர், சுருட்டிக் கட்டியது. அந்த மூன்று மீட்டரைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு குளிர்காலம் ஆனது. குட்டையாக வைத்தால் பீர் வெறிபிடித்த மாதிரி பாய்ந்து நுரையாகிறது. நீளமாக வைத்தால் டியூப்பின் சுவரை உரசி உரசிக் கோபம் தணிந்து, சாதுவாக வந்து கிளாசில் உட்காருகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் போதாதா என்றால், போதாது. வாயு பீரை விட்டுப் பிரிந்து, இரண்டு நாளில் சப்பென்று போய்விடும். இதெல்லாம் சமையலறைக் கூரையில் பட்ட கறையிலிருந்து அவன் கற்றது.

படைத் தலைவர் ஹினெக் பதக்கம் குலுங்க வந்தார். கையில் விநாடிக் கடிகாரம்.

"ஊத்து, பாப்போம்."

வெந்தெலின் ஊற்றினான். மேலே மூன்று விரல் நுரை நின்றது. ஹினெக் கிளாசைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு விநாடி! ஏன்டா, நாங்க போட்டில பதினெட்டு விநாடில பம்ப மாட்டி, ஹோஸ விரிச்சு, தண்ணியால குறிப்பலகையவே அடிச்சுத் தள்ளிர்றோம். நீ ஒரு கிளாஸ் பீருக்குப் பன்னெண்டு விநாடியா? எதுக்குடா இந்தப் பாம்பு?"

"தலைவரே, நீளம் இருந்தாத்தான் அழுத்தம் கொறையும்..."

"கேட்டீங்களாப்பா? அழுத்தம் கொறையணுமாம்! நாப்பது வருஷமா ஹோஸ் புடிக்கிறேன். அழுத்தம் கொறையக் கூடாதுன்னு உசுரக் குடுக்கிறோம், இவன் கொறைக்க டியூப்ப வாங்கி மாட்டியிருக்கான்!"

சீருடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் ஹினெக் இடுப்புக் கத்தியை உருவி டியூப்பை வெட்டிவிட்டார். மிஞ்சியது ஒரு சாண். அவரே குழாயில் மாட்டி, அவரே திறந்தார்.

கிளாஸ் ஒரு விநாடியில் நிறைந்தது. முழுக்க நுரை.

"அழுத்தம் பத்தல," என்றார் ஹினெக், யோசித்து. உருளைத் திருகை இரண்டு சுற்று ஏற்றினார். நுரை கிளாசைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அவருடைய பதக்கம்வரை போனது.

"தலைவரே, நான் சொல்றத..."

"வாய மூடு. தீ பக்கத்துல வந்துட்டா யாராவது பின்வாங்குவானா?"

பீருக்கு வரிசை சேர்ந்துவிட்டது. தவறு என்று சொல்ல ஹினெக்குக்கு வாய் வரவில்லை. நுரைக் கிளாசை உயர்த்தி, "முழு நுரை பீரு, இதுக்குப் பேரு 'பால்'! நம்ம தாத்தாமாரு நுரையாத்தான் குடிச்சாங்க. ஒரே மடக்கு!" என்று அறிவித்தார். தலைவர் சொன்னபின் வேறென்ன? ஊரே மீசையில் நுரையோடு ஒரே மடக்காகக் குடித்து, "பிரமாதம்" என்றது. குடித்தவர்களில் மூன்றுக்கு இரண்டு பேர் மறுபடி வரிசைக்கு வந்தார்கள், தாகம் தீராததால். முக்கால்வாசி புல்லில் ஓடியது. வாத்தியக் குழுவின் டிரம்காரர் வழுக்கி விழுந்தார். மூன்று மணிக்குள் பீப்பாய் சீறி ஓய்ந்தது.

பிளாஷெனா வந்து நின்றாள். பீப்பாயைத் தட்டினாள். வெறுமையாக ஒலித்தது. பிறகு தரையைப் பார்த்தாள்.

"குடிச்சுத் தீந்ததா, கொட்டித் தீந்ததா?"

வெந்தெலின் வாயைத் திறக்குமுன் ஹினெக் படையின் பதிவேட்டை விரித்துவிட்டார். அவரே எழுதியிருந்தார்: குட்டை டியூப், உயர் அழுத்தம், பீர் முழுவதும் மக்களால் பருகப்பட்டது.

"கையெழுத்துப் போடு வெந்தெலின். காய்ச்சினவன் நீ, சாட்சி வேணும்."

போட்டால் சரக்கறை நிலைக்கும். போடாவிட்டால் உண்மை நிலைக்கும், ஜாடிகள் திரும்பி வரும். பேனா வழுக்கியது, விரல் முழுக்க நுரை. ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துப் போட்டான்.

பிளாஷெனா வாசித்துப் பார்த்தாள். காலைத் தூக்கிச் செருப்பை உதறினாள். பீர் சொட்டியது.

"சரி. பதிவேட்டுல இருக்கு. சரக்கறை உனக்குத்தான்."

"பிளாஷெனா, நெசமா..."

"நெசத்த எங்கிட்டச் சொல்லாத. சொன்னா நான் நம்பணும்."

ஹினெக் அவன் தோளில் தட்டினார். "அடுத்த வருஷம் ரெண்டு பீப்பாய். அரைச் சாண் டியூப் போதும்."

"ஆகட்டும் தலைவரே," என்றான் வெந்தெலின்.