குளத்தூர் வரைக்கும்

ரெஷ்மா தோட்டிக் கம்பின் கொக்கியைக் கிளையில் மாட்டி ஓர் உலுக்கு உலுக்கினாள். கீழே விரித்திருந்த பழைய சேலையில் லோலோலிக்காய்கள் சடசடவென்று உதிர்ந்தன. இரண்டு மூன்று அவள் தலையிலும் விழுந்து தெறித்தன.

"கெழக்க உள்ள கொப்பப் பிடி மக்கா. அதிலயாக்கும் நல்லா பழுத்தது கெடக்கு." ஜன்னலுக்குள்ளிருந்து அப்பா செல்லையனின் குரல் நூல்போல வந்தது.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னது அவர்தான். அந்த வருடம் மரத்தில் இலையைவிடக் காய் அதிகம். நெல்லிக்காய் அளவில், ரத்தச் சிவப்பில், கொத்துக்கொத்தாக. விழுந்தவை தரையிலேயே நசுங்கிப் புளித்து, வீடு முழுக்க அந்த வாடை ஏறியிருந்தது.

ரெஷ்மாவுக்கு மறுநாள் இரவு விமானம். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் அவள் நர்ஸ். "இனி வீட்டில வச்சுப் பாருங்க, கூடிப்போனா ஒரு வாரம்" என்று இங்குள்ள டாக்டர் சொன்ன அன்றே கிளம்பி வந்தவள். வாரம் போனது, மாதமும் போனது. கல்லீரல் முழுக்கப் பரவிய நோயோடு செல்லையன் கஞ்சித் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். இரண்டு முறை விடுப்பை நீட்டியாகிவிட்டது. மூன்றாவது முறை கேட்டபோது, வராவிட்டால் வேலை இல்லை என்று பதில் வந்தது. அங்கே கணவன் மனு, பள்ளிக்குப் போகும் மகளோடு திண்டாடிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எப்பளாக்கும் பிளைனு?" என்று கேட்டார் செல்லையன்.

"ராத்திரியாக்கும் அப்பா."

அவர் மரத்தின் பக்கம் திரும்பினார். "அப்பம் இண்ணைக்கே வேவிச்சு எல்லாருக்கும் கொண்டு குடுத்திரு. வச்சா கேடாப் போவும்."

வருடாவருடம் அதைச் செய்தவர் அவர். கொத்தன் வேலை முடிந்து வந்து, குளித்து, பாத்திரங்களைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு, தான் சுவர் எழுப்பிய வீடுகளுக்கெல்லாம் கொண்டு கொடுப்பார்.

அம்மா நேசம் பின்புறம் கல்லடுப்பு கூட்டி, பெரிய சருவத்தில் பழங்களை ஏற்றினாள். கிராம்பும் பட்டையும் தட்டிப்போட்டு, சீனியைக் கொட்டி, தேங்காய் மட்டைத் தீயைக் குறைத்துக் குறைத்துக் காய்ச்ச வேண்டும். தாயும் மகளும் மாறி மாறித் துழாவினார்கள். போகாதே என்றும் நேசம் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாகு கொதித்துக் கையில் தெறித்தபோதுகூடச் சேலையில் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு கரண்டியில் ஆறவைத்து ரெஷ்மா அப்பாவின் உதட்டில் தொட்டு வைத்தாள். இரண்டு நாளாக அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை. நாக்கை வெளியே நீட்டி மெதுவாக நக்கினார். முகம் சுருங்கியது.

"சீனி காணாது."

நேசம் உள்ளே போய் இன்னும் இரண்டு கை சீனி அள்ளிக்கொண்டு வந்தாள்.

மதியம் திரும்பியதும் ரெஷ்மா பாத்திரங்களை ஸ்கூட்டரில் வைத்துக் கிளம்பினாள். முதலில் பக்கத்து வீட்டுப் புஷ்பபாய்.

"எப்பம் போற மோளே?"

"நாளைக்கு அக்கா."

"நாளைக்கா? அதுக்குள்ள..." புஷ்பபாய் பாதியில் நிறுத்திக்கொண்டு, பாத்திரத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய், "நல்ல மணம்" என்றாள்.

அப்பாவோடு வேலைக்குப் போன விஜயதாஸ் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "நீ பயப்படாம போ. நான் உண்டு, எனக்க பெண்ணாட்டி உண்டு. என்னவானாலும் பாத்துக்கிடுதோம்." எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள். எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்று காலை அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபோது நாடி ஒழுங்காக ஓடியது. அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு கணம்தான். கையை விட்டுவிட்டு நிமிர்ந்தால், செல்லையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் போகும்போது அந்தப் பார்வை நினைவுக்கு வந்து, ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றாள்.

கடைசிப் பாத்திரம் குளத்தூரில் செல்லபாய் டீச்சருக்கு. அது அப்பாவின் பிடிவாதம். "அவ்வளவு தூரம் வேண்டாம் அப்பா" என்றதற்கு, "உனக்கு எழுத்துப் படிப்பிச்சுத் தந்தவியளாக்கும். பெய்யிட்டு வா. அவசரப்படண்டாம், கேட்டியா?" என்றிருந்தார். டீச்சர் விடவில்லை. சாயா போட்டு, பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக விசாரித்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் அனுப்பினார்.

திரும்பி வரும்போது வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். விஜயதாஸ் தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்.

உள்ளே போய் முதலில் அப்பாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். வேலைப் பழக்கம். பிறகு விரலை எடுக்க மறந்து அப்படியே இருந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

நேசம் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னையக் கேட்டாராம்மா?"

"கேட்டாரு. ரெஷ்மா எங்கவரைக்கும் போயிருப்பான்னு கேட்டாரு. குளத்தூர் எத்தியிருப்பான்னு செல்லினேன். செரின்னாரு." நேசம் மூக்கை உறிஞ்சினாள். "பெறவு வெள்ளம் கேட்டாரு. கொண்டு வாறதுக்குள்ள..."

வெளியே புஷ்பபாய் சத்தமாக அழத் தொடங்கினாள். அதைக் கேட்டுத்தான் நேசமும் அழுதாள்.

ரெஷ்மாவே வெந்நீர் வைத்து அப்பாவைத் துடைத்தாள். மேலுதட்டு நரைமயிரில் பாகு காய்ந்து சிவப்பாக ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் அதைக் கரைத்து எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் அவசரப்படவில்லை.

மறுநாள் காலையில் சபையில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். ரெஷ்மா பழம் கொடுத்துவிட்டு வந்த வீடுகளிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். செல்லபாய் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன்னைய இருத்திப்போட்டேனே மோளே" என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதார்.

திரும்பி வந்ததும் பெட்டியை அலமாரி மேல் தூக்கி வைக்கப் போனாள் ரெஷ்மா. நேசம் வந்து அதை வாங்கிக் கட்டில்மேல் வைத்தாள்.

"மூணாம் நாள் ஜெபத்துக்காவது இருக்கேம்மா. வேல போனாப் போட்டு."

"வேண்டாம். நீ போ. அவரு அதுக்காக்கும் நேத்தே..." நேசம் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைக்கத் தொடங்கினாள்.

விஜயதாஸின் மகன் காரில் கொண்டுவிட்டான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குள் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிச் சுவரோரம் ஓர் இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். இத்தனை வருடமும் அந்தப் போனை எடுத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொள்வது செல்லையன்தான். நேசம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள்.

நிறைய நேரம் அடித்தது. பிறகு திரை ஆடி நின்றது. நேசம் போனைக் காதில் வைத்திருந்தாள். திரை முழுக்க ஒரு காது, அதில் தேய்ந்துபோன கம்மல், இரண்டு மூன்று நரைமயிர்.

"மக்கா, எத்தினியா? கேக்குதா?"

"கேக்குதும்மா."

போனை முகத்துக்கு நேரே பிடிக்கும்படி ரெஷ்மா சொல்லவில்லை. விமானத்துக்குக் கூப்பிடுகிற அறிவிப்பு வரும்வரை அந்தக் காதைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.