அஞ்சுவின் பன்னிரண்டு மாதங்கள்

1

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. வல்லம் வடகாலில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிக்குக் கீழ்வீட்டுக்காரி உன்ஜு, துணி காயப்போட்டபடியே சொன்னாள்: "என் கதைய எழுதுங்க சார். ஆனா அதுல என்னை அழ வெக்காதீங்க."

தென்கொரியாவின் பூசானில் பிறந்தவள். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து, அங்கே சூப்பர்வைசராக இருந்த தணிகாசலத்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். தெருவுக்கு அவள் அஞ்சு. தமிழைத் தொழிற்சாலை லைனில் ஆட்களோடு நின்று கற்றவள். (அதனால் 'இன்னா', 'கீது' எல்லாம் சரளம். நான் சேர்த்ததில்லை.)

2

முதல் தொடக்கம்: 'விமானம் பூசானில் இறங்கியபோது அவள் கண்களில்—'

கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது: 'குடியுரிமைச் சட்டத்தின்படி—' இதுவும் தொடக்கமில்லை. ஆனால் சொல்லாமல் கதை நகராது. இந்தியரை மணந்தவர் விண்ணப்பிக்க இங்கே ஏழு வருடம் வசித்திருக்க வேண்டும். அதில் கடைசிப் பன்னிரண்டு மாதம் நாட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் முப்பது நாள் வரை அரசு விட்டுக்கொடுக்கலாம்.*

* 'கொடுக்கலாம்' என்பதைக் கவனியுங்கள்.

குடியுரிமை எதற்கு என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவ விசாவுக்கும் அவரு கையெழுத்து வோணும். நல்ல மனுஷன், போட்டுடுவாரு. ஆனா நான் இங்க இருக்கறதுக்கு நான்தானே சார் கையெழுத்து போடணும்?"

3

அந்தக் கடைசிப் பன்னிரண்டில் ஒன்பதாவது மாதம் அண்ணன் பூசானிலிருந்து கூப்பிட்டான். அப்பாவுக்குப் பக்கவாதம், வலது கை விழுந்துவிட்டது. அம்மா முன்பே இறந்தவர். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. இரண்டு வாரம் என்று அஞ்சு கிளம்பினாள்.

[இங்கே மருத்துவமனை வர்ணனை ஒரு பக்கம் இருந்தது. நான் பூசானைப் பார்த்ததில்லை. எடுத்துவிட்டேன்.]

இரண்டு வாரம் நான்காகிவிட்டது. தணிகாசலம் ஷிப்ட் இடைவேளையில் போன் செய்தார்.

"நாளைக்குள்ள பிளேன் ஏறலன்னா முப்பது நாள் தாண்டிடும். பன்னெண்டு மாசமும் முதல்லேர்ந்துதான்மா."

"தெரியும். அப்பாவுக்கு இன்னும் ஸ்பூன் புடிக்க வரல."

"அப்ப இரு."

4

இந்தத் தணிகாசலத்தின்மேல் எனக்குச் சந்தேகம். ஏழு வருடம் சேர்ந்து காத்திருந்த மனிதர் இவ்வளவு சுலபமாகவா சொல்லியிருப்பார்? அவரிடமே கேட்டேன்.

"உடனே சொல்லிட்டேன் சார்."

அஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. "ரொம்ப நேரம் பேசவே இல்ல. பிரஸ் மிஷின் சத்தம்தான் கேட்டுக்கினு இருந்துச்சு. கட் ஆயிடுச்சோன்னு ரெண்டு தடவ ஹலோ சொன்னேன்."

தணிகாசலம் எழுந்தார். டீ போட உள்ளே போனார்.

5

மூன்று மாதம் கழித்து, அப்பா இடது கையால் சாப்பிடப் பழகிய பிறகு, திரும்பினாள். மாமியார் செந்தாமரை வாசலில் கேட்டது ஒன்றுதான்: "உங்கப்பா சாப்புடறாரா?"

சாப்பிடுகிறார் என்றதும், "இன்னா இப்போ, திரும்ப பன்னெண்டு மாசம். எங்கனா போவப்போறியா? இங்கதானே இருக்கப்போற" என்றார்.

அன்றிரவு அஞ்சு அழுதாள். தணிகாசலம்தான் சொன்னார். அழ வைக்கக் கூடாதென்றாளே என்று இதை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஆனால் அழ வைத்தது நானில்லை.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ: பன்னிரண்டு மாதம் முடிகிறது. விண்ணப்பிக்கிறாள்.

ஆ: பதினொன்றாவது மாதம் அண்ணன் மறுபடியும்—

இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவதில் நிறுத்தச் சொன்னாள்.

"இதுல நான் போறேனா?"

"அதைத்தான் உங்களைக் கேட்கலாம்னு."

"போவேன்," என்றாள். யோசிக்கவில்லை. "அப்புறம் வந்து ஒண்ணுலேர்ந்து எண்ணுவேன்."

இதை எழுதும்போது அவளுடைய புதுக் கணக்கில் ஆறாவது மாதம். நீங்கள் படிக்கும்போது எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் வந்தால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யார் வந்து திறக்கிறார்களோ, அதுதான் முடிவு.