தளர்ந்து கிடந்த கயிறு

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாக வந்தது. ஒரு சின்னத் துறைமுக ஊரில் விடுமுறைக்குத் தங்கியிருந்தேன். பூனைகூட அவசரப்படாத ஊர். ஒரு சாயங்காலம் கீழே படகுத்துறைச் சுவரோரம் நாலைந்து பேர் கூடிப் பேசுகிற சத்தம் கேட்டது. அதில் இரண்டே வரிதான் தெளிவாகக் காதில் விழுந்தது.

"கயித்த இறுக்கிக் கட்டினது யாரு?"

"நான்தான்."

கேட்டது ஒரு பெண். சொன்னது ஓர் ஆண். அந்த 'நான்தான்' எனக்கு ஒட்டவில்லை. தப்பை ஒப்புக்கொள்கிறவர் கொஞ்சம் இழுப்பார், தொண்டையைச் செருமுவார். இந்த மனுஷன் கேள்வி முடிகிறதற்குள் பதிலைச் சொல்லிவிட்டார். யாருக்காகவோ பொய் சொல்லும்போதுதான் நாக்குக்கு அந்த வேகம் வரும்.

எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. போகட்டும். எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வந்து சேரும். முகம், மூக்கு, சட்டை எல்லாம் பிறகு நான் தேடி மாட்டிவிடுவேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அன்று கடல் அமைதியாக, ஒரு வெள்ளிப்

வேண்டாம். நான் கடலை வர்ணித்தால் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம்.

அவர்கள் சந்தோஷமான தம்பதிதான், ஆனால்

அந்த 'ஆனால்' எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அடித்துவிட்டேன்.

"எங்க போயிட்டு வரீங்க?"

"சும்மா, ஒரு நடை."

"நடந்தா நகத்துக்குள்ள கிரீஸ் ஏறுமா?"

இது ஓடும். கேட்டவள் ஒரு தையல்காரி. நகத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டவர் அவள் புருஷன், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் வேலை இல்லாமல் ஓர் இடத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. தங்கியது ஓர் ஐஸ் கடைக்கு மேலே உள்ள அறை. கீழே ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடினால் மேலே கட்டில், டம்ளர், ஜன்னல் கண்ணாடி, தையல்காரியின் பல்செட், எல்லாமே தாளம் போடும். மிஷின் நின்றால் கீழே பேசுவது மேலே அட்சரம் பிசகாமல் கேட்கும்.

(அந்த மிஷினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசியில் வேண்டும்.)

வந்த அன்றைக்கே அறையின் திரைச்சீலை ஓரம் பிரிந்து தொங்குவதைப் பார்த்து, பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைத்துவிட்டாள். தலையணை உறைக்கு நாடா வைத்தாள். தளர்ந்து தொங்குகிற எதையும் அவள் கை சும்மா விடாது. கடைசி முடிச்சு போட்டு, நுனியை உள்ளே சொருகி, ஒரு இழு. அவள் போட்ட முடிச்சைப் பல்லால்கூட அவிழ்க்க முடியாது என்று டிரைவர் பெருமையாகச் சொல்வது வழக்கம். சில சமயம் பெருமை இல்லாமலும்.

3

சந்தேகம் எங்கே தொடங்கியது? பல் தேய்க்கிற இடத்தில். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த மனுஷன் அவளுடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு இருந்தவர். இங்கே வந்த பிறகு வாயில் நுரையோடு பாட்டு முணுமுணுக்கிறார்.

அடுத்து ஐஸ்காரி. கடையும் அறையும் அவளுடையது. முதலில் 'அண்ணே, அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டிரைவரு வந்துட்டாரா?"

"யாரு டிரைவரு? நேத்து வரைக்கும் அண்ணனா இருந்தாரே."

"அண்ணன்மாரு ஊருக்கு நாலு பேர் கிடைப்பாங்கக்கா. நல்ல டிரைவரு எங்க கிடைக்கிறாரு?"

அவள் சிரித்தாள். தையல்காரி சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் மிஷின் நின்ற நேரத்தில், தரை வழியாக இது வந்தது:

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நீங்க இங்க, அவங்க அங்கேன்னா... சொல்லாம எப்படிங்க?"

"ஊருக்குக் கிளம்பற அன்னைக்குச் சொல்லிக்கறேன். இப்ப சொன்னா இன்னைக்கே பெட்டியக் கட்டிடுவா."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள்.

* ஐஸ்காரியை நானும் முதலில் கள்ளியாகத்தான் எழுதினேன். கண்ணுக்கு மைகூட வைத்துவிட்டேன். ஆனால் பேச விட்டால் ஐஸ், பெட்டி, டீசல் இதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே வரவில்லை. அதனால் உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அவளுக்கு ஒரு படகு உண்டு. தினமும் அக்கரைக்கு ஐஸ் கொண்டுபோகிற படகு. அதை ஓட்டியவர் மகள் வீட்டோடு போய்விட்டார். நம் டிரைவர் படகு ஓட்டப் பழகிவிட்டார். விடுமுறை முடிந்ததும் அவர் இங்கேயே தங்கிவிடப் போகிறார். தையல்காரி மட்டும் ஊருக்கு. தையல்காரிக்குத் தெரிந்தது இந்தக் கடைசி இரண்டு வாக்கியம்தான். அது போதாதா?

4

மறுநாள் மத்தியானம், ஊரே கண்ணயர்ந்த நேரம். டிரைவரும் கட்டிலில் குறட்டை. ஜன்னலில் நின்றவள் கீழே துறைச் சுவரை ஒட்டி நிற்கிற படகைப் பார்த்தாள். சுக்கான் பக்கத்து ஆணியில் டிரைவரின் தொப்பி மாட்டியிருந்தது. அவள் தைத்துக் கொடுத்த தொப்பி. படகு சுவர் விளிம்புக்குச் சமமாக நின்றது. கட்டியிருந்த கயிறோ இறுக்கமே இல்லாமல், ஒரு பெரிய வளைவாகத் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

போவதற்குத் தயாராய் அவிழ்த்துவிட்டது மாதிரி.

இறங்கிப் போனாள். தொங்கின கயிற்றை முழுக்க இழுத்துக் கம்பத்தில் சுற்றினாள். முடிச்சு, நுனி உள்ளே, ஒரு இழு. படகு சுவரோடு ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்து, எழுதுவதை நிறுத்திக் கேட்டேன்.

"எதுக்குக் கட்டினே?"

"தளர்ந்து கிடந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"எழுதறது நீங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

வாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அவளுக்கு ஒன்று நிஜமாகவே தெரியாது. அந்த நாட்களில் அங்கே கடல் மத்தியானம் சுவர் விளிம்பு வரை ஏறும், சாயங்காலம் ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும். படகும் கூடவே இறங்கவேண்டும். அதற்காகத்தான் கயிற்றைத் தாராளமாக விட்டுக் கட்டுகிறார்கள். துணியோடு வாழ்ந்தவளுக்கு, தளர்ச்சி என்றால் பிரிந்துபோவது. தண்ணீரோடு வாழ்கிறவர்களுக்கு அதுதான் கட்டு.

(இந்தக் கடைசி இரண்டு வரியையும் மூன்று தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கொஞ்சம் அழகாக இருக்கிறதே என்றுதான் பயம்.)

5

தண்ணீர் இறங்கியது. படகின் முன்பக்கம் கயிற்றில் மாட்டிக்கொண்டு மேலேயே தொங்கியது. பின்பக்கம் மட்டும் இறங்கி, சாய்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. யாரோ கத்தினார்கள். டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினார். பின்னாலேயே தையல்காரி. ஐஸ் பெட்டி மூடிகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. எஞ்சின் முழுகிப் போயிருந்தது. தொப்பியைக் காணோம்.

"கயித்த இறுக்கிக் கட்டினது யாரு?" ஐஸ்காரிக்குக் குரல் உடைந்தது.

டிரைவர் முடிச்சைப் பார்த்தார். நுனி உள்ளே சொருகியிருந்தது. உலகத்தில் அப்படி முடிச்சுப் போடுகிற ஒரே கை அவருக்குத் தெரியும்.

"நான்தான்."

அவருக்குப் படகு பழக்கிவிட்ட மெக்கானிக், ஊரே 'கட்டைக்குரல்' என்று கூப்பிடுகிற ஆள், நெற்றியில் அடித்துக்கொண்டார். "முதல் நாளே சொன்னேனேய்யா! ஏழு நாளா மண்டையில ஏத்தினேனே!"

"பஸ் ஸ்டாண்டு ஞாபகத்துல கட்டிட்டேன்."

"பஸ்ஸ எங்கய்யா கயித்துல கட்டுவாங்க?"

யாரோ சிரித்தார்கள். ஐஸ்காரி சிரிக்கவில்லை.

"வேணாம் அண்ணே. எஞ்சின நாங்க எப்படியாவது சரி பண்ணிக்கறோம். ஆனா படகு உங்க கைக்கு வேணாம். அக்காவோட ஊருக்கே போய்ச் சேருங்க."

மறுபடியும் 'அண்ணே'. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போனாள். மிஷின் ஓட ஆரம்பித்தது.

தையல்காரிக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றாய்ப் புரிந்தது. கிரீஸ், பாட்டு, டிரைவர் என்ற பெயர், இங்கே, அங்கே. அவள் பயந்த பெண் விவகாரம் எதுவும் இல்லை. அவள் பயந்த பிரிவு மட்டும் இருந்தது. அதையும் அவளே, தெரியாமல், தடுத்துவிட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இவர் வீட்டுக்கு வந்துவிடுவார். நாற்காலிக்கு. இல்லாத பிரேக்குக்கு.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"பொய்."

"வா, மேல போவோம். காலு நனைஞ்சிருக்கு உனக்கு."

இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறதே இவருக்கு! எனக்காகத்தான் சொன்னாரா? இல்லை, ஐஸ்காரிக்குக் கொடுத்த வாக்கிலிருந்து நழுவ ஒரு சாக்குக் கிடைத்ததா? தனக்குள் கேட்டபடி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை இன்னும் நான் எழுதவில்லை.

6

ஒரு முடிவு: இருவரும் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போகிறார்கள். அவர் ஜன்னலோரம், அவள் பக்கத்தில். வழியெல்லாம் அவள் சந்தேகப்பட்டுக்கொண்டே

இன்னொன்று: உண்மையைச் சொல்கிறாள், திட்டு வாங்குகிறாள், படகு அவரிடம் திரும்பி வருகிறது. அவள் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு

மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தேன். அதில் அவளும் இங்கேயே தங்கி, ஜன்னலோரம் தையல் மிஷின் போடுகிறாள். அவரே கூப்பிடாத இடத்தில் அவளை நான் எப்படிக் குடிவைப்பது? கிழித்துவிட்டேன்.

என் காதில் விழுந்தது இரண்டே வரி. மூன்றாவது வரியை நான் கேட்கவில்லை. ஆனால் இதுவரை எழுதியாயிற்று: தையல்காரி டிரைவரின் கையை விலக்கிவிட்டு, ஈரக் காலோடு கடை வாசலுக்குப் போய் நிற்கிறாள். அவள் வாய் அசைகிறது. "நான்தான்" என்கிறாளோ, நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாளோ, ஐஸ் உடைகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா? கேக்கல!"

ஐஸ்காரியின் கை மிஷின் சுவிட்சுக்குப் போகிறது. துறையோரத்தில் டிரைவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். மிஷின் நின்றதும் அவள் சொன்னதையே மறுபடி சொல்லியாகவேண்டும், இந்தத் தடவை எல்லோர் காதிலும் விழும். நான் மேலே ஜன்னலில் இருக்கிறேன். நீங்கள்தான் அவளுக்குக் கிட்டத்தில் நிற்கிறீர்கள்.