பாலுக்குப் பூட்டு

வெளிச்சம் சரியாக வருமுன்பே தையல் மிஷின்கள் இரைய ஆரம்பித்துவிடும். தொற்று ஊரையே முடக்கிப் போட்டிருந்தது. எங்கள் கம்பெனிக்கு மட்டும் அது நல்ல காலம். முகக்கவசம் தைத்துத் தைத்து, பஞ்சுத் தூசி தொண்டைவரை அப்பிக்கொண்டது.

பக்கத்து மிஷினில் காதுக்கு நாடா வைத்துத் தைப்பவள் கைக்குழந்தைக்காரி. நாங்கள் அவளை நாடாக்காரி என்போம். பால் கட்டிக்கொண்டு அவள் ரவிக்கை நனைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், குழந்தைகள் அறையில், பிள்ளை அழுதது. தாய்ப்பாலில் கிருமி இறங்குமாம். தாய்மார் உள்ளே போகக்கூடாது, ஆயா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு டப்பாப் பால் கொடுப்பாள் என்பது முதலாளியின் புது உத்தரவு.

"அக்கா, முதலாளி சொன்னது நிஜம்தான் போல. நேத்து வீட்ல பால் குடுத்தேன், பிள்ளைக்கு மூச்சு முட்டி முகமே செவந்துபோச்சு" என்றாள்.

"மாஸ்க் போட்டுட்டுத்தானே குடுத்தே?"

"பின்னே? நானே தைச்சேனே." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை அளவு மாஸ்க். வாய்க்கு ஓட்டை வைத்து, அழகாக ஓரம் மடித்திருந்தாள்.

"அடிப்பாவி! பிள்ளைக்கா போட்டே?"

"தடுப்பூசி போடுற நர்ஸம்மாதானே மாஸ்க் போட்டுட்டுப் பால் குடுன்னாங்க!"

தான் போட்டுக்கொண்டாலும் போட்டுட்டு, பிள்ளைக்குப் போட்டுவிட்டாலும் போட்டுட்டு. நாளெல்லாம் அடுத்தவர் முகத்துக்கே தைப்பவளுக்குத் தன் முகம் எப்படி ஞாபகம் வரும்?

டீ நேரத்தில் அந்த நர்ஸுக்கே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"ஐயோ, பிள்ளைக்கு மாஸ்க்கே ஆகாதும்மா, மூச்சடைக்கும்! நீ போட்டுக்கோ. சோப்பால கையைக் கழுவிக்கோ. பால் வழியா இது பரவுறதா தெரியலை. உனக்கே தொற்று வந்தாலும் தாராளமா குடுக்கலாம். எதிர்ப்புச் சக்தியே அந்தப் பால்லதான் இருக்கு."

நாடாக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் பாலையே விஷம் என்று நம்பவைத்துவிட்டார்களே!

டீ நேரம் முடிந்ததும் முதலாளி வந்தார். "மிஷின் ஏன் ஓடலை?"

"பிள்ளைக்குப் பால் குடுக்கணும் சார். கதவைத் திறங்க" என்றாள் அவள்.

"உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்? கிருமி..."

"எந்த டாக்டர் சார் சொன்னார்?"

"டாக்டர் வேற சொல்லணுமா? ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. ஆளாளுக்கு எந்திரிச்சுப் போனா யாரு தைக்கிறது?"

"அப்போ கிருமி பால்ல இல்லை, ஆர்டர்லதான் இருக்கு" என்றாள் துணி வெட்டும் கட்டிங்காரி. கூடமே சிரித்தது.

அவருக்கு முகம் கறுத்தது. நாடாக்காரியைக் கை காட்டினார். "இவளை இப்பவே வேலையை விட்டு நிறுத்துறேன்."

கட்டிங்காரி கத்தரியை மேசையில் வைத்தாள். "எனக்குக் கல்யாணமும் ஆகலை, குழந்தையும் இல்லை. ஆனா அவளுக்குக் கதவு திறக்காம ஒரு துணி வெட்ட மாட்டேன். என்னையும் நிறுத்துங்க."

"என்னையும்" என்றேன். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல், அதற்கும் பின்னாலிருந்து இன்னொன்று. மிஷின் சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அப்போது குழந்தைகள் அறைக் கதவு உள்ளிருந்து திறந்தது. பிள்ளையை ஏந்தியபடி ஆயா நின்றாள். "என்னையும் சேர்த்துக்கோங்கடி" என்றாள்.

நாடாக்காரி கையைக் கழுவினாள். மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நாங்கள் அவளுக்கு மறைப்பாக, முதலாளியைப் பார்த்தபடி நின்றோம்.

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க" என்றாள் அவள், தலை நிமிராமல். "பிள்ளை குடிச்சு முடிக்கட்டும், பேசலாம்."