ஆண் மரத்தின் தூள்

நான் பயந்தவன். உயிரியல் படிப்பிக்கிற வாத்தியாருக்கு வீரம் எதற்கு என்று என் மனைவி மேனுகாவிடம் பலமுறை வாதாடி வென்றிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில் ஒரு மரத்துக்காகக் கரடியனாறு வரை போனேன் என்றால், முதலில் அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாடப்புத்தகத்தில் அதன் பெயர் சைக்கஸ். பார்க்கக் குட்டைத் தென்னை மாதிரி இருக்கும். பூ என்று ஒன்று அதில் கிடையாது. ஆண் மரம் கூம்பு விடும். அந்தக் கூம்பின் தூள் போய்ச் சேர்ந்தால்தான் பெண் மரம் காய்க்கும். களுவாஞ்சிக்குடிக் கடற்கரையில் நின்ற பதினொரு மரங்களில் பத்தைச் சுனாமி கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இலட்சுமிப்பிள்ளை அக்காவின் வளவில் நின்ற ஒரு பெண் மரம். அலை வந்த அன்று அக்கா அதைக் கட்டிப்பிடித்துத்தான் உயிர் தப்பினார். அதற்குப் பிறகு அது ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்து மிச்சமிருந்த ஒரே ஆண் மரம் கரடியனாற்றில், பாதையோரக் காட்டில் நின்றது. யுத்த காலம் என்பதால் பாதுகாப்புக்கென்று இராணுவத்தினர் அந்தப் பாதையின் இரு பக்கக் காட்டையும் இயந்திரம் வைத்துத் துப்புரவாக்கிக்கொண்டு வந்தார்கள். மரத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்று அங்கே வேளாண்மை செய்கிற நல்லரத்தினம் அண்ணன் தொலைபேசியில் சொன்னார். பெண் மரமும் அந்த வாரம்தான் பதத்தில் இருந்தது. தூள் வந்து சேராவிட்டால் எங்கள் பக்கத்தில் அந்த இனத்தின் கதை முடிந்தது.

அண்ணனும் நானும் கடதாசி விரித்துக் கூம்பைத் தட்டினோம். இரண்டு கை அளவு மஞ்சள் தூள் விழுந்தது. கூம்பு பார்வைக்கு ஷெல் குண்டு மாதிரி இருந்ததால் அங்கேயே புதைத்துவிட்டோம். தூளைப் பொலித்தீன் பையில் கட்டிக் கையில் எடுத்த பிறகுதான் அது வெடிமருந்து மாதிரி இருப்பது எனக்கு உறைத்தது. வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது. வரிசையிலிருந்து தனியாகக் கூப்பிடப்பட்டு வீடு திரும்பாதவர்கள் சிலரை எனக்குத் தெரியும். மகரந்தம் என்று தமிழில் சொன்னாலே என் மாணவர்களுக்கு விளங்குவதில்லை. சிங்களத்தில் நான் எப்படி விளக்குவது?

புறப்பட நேரமிருந்த பஸ்ஸில் ஏறாவூர் ஹமீட் காக்கா இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். கிழமைக்கு ஒருநாள் இந்தப் பக்கக் கடைகளுக்கு மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் கொண்டுவந்து விற்பவர். சாவடியில் அவரைத் தெரியும். பெரும்பாலும் பையைத் திறக்காமலே விட்டுவிடுவார்கள். பையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கினார். விற்காமல் மிஞ்சிய மஞ்சள் பொதிகளும் என்னுடையது போலவே பொலித்தீனில் இறப்பர் வளையம் போட்டுத்தான் இருந்தன. என் கை தானாகப் போய் என் பொதியை அவற்றோடு வைத்தது. ஏறாவூரில் அவர் இறங்குவதற்குள் எடுத்துவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

அன்றைக்குச் சாவடியில் நின்றவர்கள் புதியவர்கள். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். காக்காவின் பையை மேசையில் கொட்டினார்கள். ஒரு சிப்பாய் என் பொதியைத் தூக்கினான். மற்றவற்றைவிட நிறம் வெளிறியிருந்தது. முகர்ந்து பார்த்தான். அடுத்த நிமிடம் காக்காவை மண்மூடைகளுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருத்திவிட்டார்கள்.

அவருக்கு ஆறு பேர் பின்னால் நான் நின்றேன். அது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். மேனுகாவை நினைத்தேன். தூளைக் கொட்டிவிடுவார்களோ என்றும் நினைத்தேன். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

காக்கா பொதியைப் பார்த்தார். தலையைத் தூக்கி வரிசையைப் பார்த்தார். கண் என்மேல் வந்து நின்றது. பிறகு பொதியை வாங்கி அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு விழுங்கினார். பழைய சரக்கு, நிறம் மங்கிவிட்டது என்று சரளமான சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் இன்னும் தின்னச் சொன்னான். ஒரு கை நிறைய அள்ளித் தின்றார். விட்டுவிட்டார்கள்.

அந்த மரத்தின் கொட்டை நஞ்சு. தூளும் நஞ்சா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் காக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொதியை என் மடியில் வைத்தார்.

"நாக்குல வெச்ச உடனே தெரிஞ்சிட்டு சேர், இது மஞ்சள் இல்ல எண்டு. என்ன இது?"

சொன்னேன்.

"திண்டா ஏதும் செய்யுமா?"

தெரியாது என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் வெளியே பார்த்தார்.

"கேட்டிருந்தா நானே கொண்டு வந்திருப்பன். முஸ்லிம் ஆள் எண்டா விட்டுருவானுகள் எண்டுதானே வெச்சீங்க?"

நான் பொதியின் வளையத்தை இறுக்கினேன். ஏறாவூரில் அவர் இறங்கிப் போனார். நான் களுவாஞ்சிக்குடிக்குப் போய், அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, மிஞ்சிய தூளைப் பெண் மரத்தில் தூவினேன். அந்த வருடம் அது இருபத்தாறு காய் பிடித்தது.

தூள் தூவிய மறுநாள் காலை ஏறாவூருக்கு ஓடினேன். வாசலில் காக்காவின் மனைவி பரீனா நின்றார். காக்காவுக்கு ஒரே சத்தியாம், தின்றதெல்லாம் வாந்தியாக வந்ததாம், உடம்பெல்லாம் நடுக்கமாம், மருந்து எடுத்திருக்கிறார்களாம். நான் யாரென்று சொன்னதும் அவருடைய கண் கலங்கிவிட்டது.

"நேத்து செக்கிங்ல இவர மறிச்ச நேரம் நீங்கதான் முன்னுக்குப் போய்ப் பேசி எடுத்துவிட்டீங்களாம். சொன்னாரு. அல்லா உங்களுக்கு நல்லது செய்வான் சேர்."

உள்ளே பாயில் படுத்திருந்த ஹமீட் காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.